ஆர்கானின் பெயர் – கடிதம்

அன்புள்ள சார்,

பதினொன்றாம் வகுப்பு படிக்கும் என் மகள், ஆர்கான் என்ற பெயர் சோம்பேறி என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது என்றாள். நாம் மூச்சு விடும் காற்றிலேயே இருக்கும் ஒன்றை இப்படியா மட்டம் தட்டுவது? வைத்தவர்கள் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

ஒரு வாசகர், திண்டுக்கல்

அன்புள்ள நண்பருக்கு,

யோசித்துத்தான் வைத்தார்கள். அவர்கள் பட்ட பாட்டைப் பார்த்தால் எனக்கு அது பொருத்தமான பெயராகவே படுகிறது.

இங்கிலாந்தில் இயற்பியலாளர் லார்டு ரேலே நைட்ரஜனின் அடர்த்தியை அளந்துகொண்டிருந்தார். காற்றிலிருந்து பிரித்த நைட்ரஜன், காற்றோடு அம்மோனியாவைக் கலந்து தயாரித்ததைவிட ஆயிரத்தில் ஒரு பங்கு கனமாக இருந்தது. அளவைப் பிழை என்று விட்டுவிடக்கூடிய வித்தியாசம். அவர் விடவில்லை. 1892-இல் 'நேச்சர்' இதழுக்குக் கடிதம் எழுதி, வேதியியல் தெரிந்த வாசகர்கள் காரணம் சொல்ல முடியுமா என்று கேட்டார். அப்புறம் அந்த வித்தியாசத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். நைட்ரஜன் முழுவதையும் அம்மோனியாவிலிருந்தே எடுத்தபோது அது இருநூறில் ஒரு பங்காக உயர்ந்தது. தன் கணக்கில் உதைக்கும் இடத்தை ஒருவர் மறைக்காமல் இன்னும் உதைக்கவிட்டார் என்பதற்காகவே ரேலே மீது எனக்குத் தனி மரியாதை.

வேதியியலாளர் வில்லியம் ராம்சே, காற்றிலிருந்து எடுத்த நைட்ரஜனைச் சூடான மக்னீசியத்தின் மேல் திரும்பத் திரும்பச் செலுத்தினார். நைட்ரஜனை மக்னீசியம் பிடித்துக்கொண்டது. மிஞ்சிய கொஞ்சம் வாயுவின் ஒளியைப் பிரித்துப் பார்த்த நிறமாலையில், தெரிந்த எந்தத் தனிமத்துக்கும் பொருந்தாத கோடுகள் இருந்தன. காற்றின் நைட்ரஜனைக் கனமாக்கியது இந்த வாயுதான். 1785-இலேயே கேவண்டிஷ் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி இதே மிச்சத்தைச் சிறு குமிழாகப் பார்த்துக் குறித்து வைத்திருக்கிறார்.

1894 ஆகஸ்டில் ஆக்ஸ்ஃபோர்டில் நடந்த பிரிட்டிஷ் அறிவியல் சங்கக் கூட்டத்தில் ரேலேயும் ராம்சேயும் இதை அறிவித்தார்கள். எதனோடும் சேராத வாயு என்பதால் அந்தக் கூட்டத்தில் இருந்த ஹென்றி மேடன் ஆர்கான் என்ற பெயரைச் சொன்னார். கிரேக்கத்தில் 'எர்கான்' என்றால் வேலை. முன்னால் வரும் 'அ' அதை மறுக்கிறது. வேலை செய்யாதது. பெயர் வைத்த பிறகும் சோதனையை நிறுத்தவில்லை. எதையும் தாக்கும் ஃபுளோரினோடு சேர்த்துப் பார்க்கச் சொல்லி, அதை முதலில் பிரித்தெடுத்த மொய்சானுக்கே பாரிசுக்கு மாதிரி அனுப்பினார் ராம்சே. அங்கும் சேரவில்லை.

ஆகவே இது மட்டம் தட்டல் இல்லை, சோதனையின் முடிவு. அந்தக் குணத்துக்காகத்தான் உங்கள் ஊர்ப் பட்டறையிலும் ஆர்கான் வெல்டிங் செய்கிறார்கள்; உருகும் உலோகத்தைக் காற்று தொடாமல் அது காக்கிறது.

மகளிடம் இதையும் சொல்லுங்கள்: 2000-இல் ஹெல்சின்கி பல்கலைக்கழகத்தில் ஆர்கானை ஹைட்ரஜனோடும் ஃபுளோரினோடும் சேர்த்தே விட்டார்கள். மைனஸ் 246 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அந்தச் சேர்மம் பிரிந்துவிடும்.