பாபிள் தையல்: கேட்டவர்களும் என் பதில்களும்

கொக்கி ஊசியால் நூலைப் பின்னும் குரோஷேயில், வண்ணக் குமிழ்கள் போல எழும்பி நிற்கும் பாபிள் தையலைப் பற்றி மட்டும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். பெரும்பாலும் அதைத்தான் கேட்டிருக்கிறீர்கள்.

அக்கா, பாபிள், பாப்கார்ன், பஃப் மூன்றும் ஒன்றுதானே? பார்க்க ஒரே மாதிரி இருக்கிறதே.

தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்றுதான், விரலால் தொட்டால் வேறு. பாபிளில் ஒரே தையலுக்குள் ஐந்து டபுள் குரோஷே (நூலை ஒரு முறை ஊசியில் சுற்றிப் போடும் உயரமான தையல்) போடுகிறோம், ஆனால் ஒன்றையும் முடிப்பதில்லை. ஒவ்வொன்றிலும் கடைசிக் கண்ணியை (நூல் வளையத்தை) ஊசியிலேயே விட்டுவிட வேண்டும். ஐந்தும் ஆனதும் ஊசியில் ஆறு கண்ணிகள் இருக்கும். நூலைச் சுற்றி ஆறிலும் ஒரே இழுப்பு. பாப்கார்னில் ஐந்து டபுளையும் முழுதாக முடித்து, ஊசியை வெளியே எடுத்து, முதல் டபுளின் தலையில் நுழைத்து, விட்ட கண்ணியைப் பிடித்து இழுக்க வேண்டும். அதனால் அது கெட்டியாக, கிண்ணம் கவிழ்த்த மாதிரி நிற்கும். பஃப்பில் டபுளே கிடையாது. நூலைச் சுற்றி நீளக் கண்ணிகளாக இழுத்துச் சேர்ப்பது, அவ்வளவுதான். மெத்தென்று இருக்கும், ஆனால் நகத்தில் மாட்டும்.

இங்கேயே என் வழக்கமான எச்சரிக்கை. நான் சொல்லும் பெயர்கள் அமெரிக்க முறை. அமெரிக்க டபுள்தான் பிரித்தானிய ட்ரெபிள்; அமெரிக்க சிங்கிள் (நூலைச் சுற்றாமல் போடும் குள்ளத் தையல்)தான் பிரித்தானிய டபுள். மாதிரித்தாள் எந்த முறையில் எழுதியது என்று பார்க்காமல் ஊசியைத் தொடாதீர்கள்.

ஐந்து போட்டும் குமிழே எழும்பவில்லை. சின்ன முடிச்சு மாதிரி இருக்கிறது.

பிரித்தானிய டபுள் போட்டிருக்கிறீர்கள். மேலே இருக்கும் பத்தியை இன்னொரு முறை படியுங்கள்.

மேடம், என் பாபிள் எல்லாம் பின்பக்கமாகவே போகிறது. என்ன தப்பு?

ஒரு தப்பும் இல்லை. பாபிள் இயல்பாகவே உங்களை விட்டு விலகி, அந்தப் பக்கமாகத்தான் எழும்பும். அதனால்தான் பாபிள் வரிசையை எப்போதும் துணியின் பின்பக்கம் உங்களைப் பார்க்கும்போது போடுகிறோம். நல்ல பக்கம் (முன்பக்கம்) வரும் வரிசை முழுக்க வெறும் சிங்கிள்.

பழக ஒரு கணக்கு தருகிறேன். 24 சங்கிலி (ஒன்றுக்குள் ஒன்றாக இழுக்கும் கண்ணிகள்) போட்டு, ஊசியிலிருந்து இரண்டாவதில் தொடங்கினால் 23 சிங்கிள் வரும். அதுதான் நல்ல பக்கம். திருப்பி, ஒரு சங்கிலி போட்டு, மூன்று சிங்கிள். பிறகு ஒரு பாபிள், மூன்று சிங்கிள் என்று கடைசிவரை. ஐந்து பாபிள் வரும். அடுத்தது 23 சிங்கிள். அதற்கடுத்து ஒரு சிங்கிள், ஒரு பாபிள். பிறகு மூன்று சிங்கிள், ஒரு பாபிள் என்று போய், ஒரு சிங்கிளில் முடியுங்கள். இப்போது ஆறு பாபிள், முந்தைய ஐந்துக்கு நடு நடுவே உட்காரும். இருபக்கமும் குள்ளமான சிங்கிள் நெருக்குவதால்தான் உயரமான டபுள்கள் வளைந்து வெளியே தள்ளுகின்றன. பக்கத்திலும் டபுளே போட்டால் குமிழ் படுத்துவிடும்.

ஒவ்வொரு பாபிளும் ஒவ்வொரு நிறத்தில் வேண்டும். எங்கே நூலை மாற்றுவது?

பாபிளில் மாற்றினால் தாமதம். அதற்கு முந்தைய சிங்கிளிலேயே மாற்ற வேண்டும். அந்த சிங்கிளில் ஊசியில் இரண்டு கண்ணி இருக்கும்போது அடிநிற நூலை விட்டு, புது நிறத்தை இழுத்து முடியுங்கள். பிறகு ஐந்து அரைகுறை டபுளும் புது நிறத்தில். ஆறு கண்ணி வந்ததும் கடைசி இழுப்பை மட்டும் அடிநிறத்தில் போடுங்கள். ஒரு தையலை முடிக்கும் கண்ணிதான் அடுத்த தையலின் தலையில் நிற்கிறது. இது பிடிபட்டால் எந்த நிற வேலையும் வரும்.

அதுவரை அடிநிற நூல் சும்மா இருக்கும். அதை உங்களைப் பார்க்கும் பக்கத்தில் தொங்கவிடுங்கள், அதுதான் பின்பக்கம். மறுபடி எடுக்கும்போது இறுக்கி இழுத்தால் துணி சுருங்கும். ஒரு பாபிளுக்கு எவ்வளவு நூல் என்று கேட்காதீர்கள். ஒன்று போட்டு, பிரித்து, அளந்து, இரண்டு முனைக்கும் ஒரு விரல் நீளம் சேர்த்து வெட்டுங்கள்.

அத்தனை நூல் முனையையும் தையல் ஊசியில் கோத்துச் செருகணுமா? முடிச்சுப் போட்டால் போதாதா?

போதாது. வழுக்கும் நூலில் முடிச்சு துவைக்கத் துவைக்க நழுவும். இல்லாவிட்டால் முன்பக்கம் எட்டிப் பார்க்கும்.

நான் உன்னைவிட மூத்தவள் அம்மா. இத்தனை வருஷமாக முடிச்சைப் பாபிளின் வயிற்றுக்குள் தள்ளிவிடுகிறேன். ஒன்றும் அவிழ்ந்ததில்லை.

அம்மா, பாபிளின் உள்ளே வெற்றிடம் இருப்பது உண்மைதான். சுவரில் மாட்டும் வேலைக்குத் தாராளமாகச் செய்யுங்கள். குழந்தை பிடித்து இழுக்கும் போர்வைக்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

பெரியம்மா சொல்வதுதான் சரி. முனையைச் செருகினாலும் வெளியே வருகிறதே!

ஒரே திசையில் செருகினால் வரும். ஒரு பக்கம் போய், ஓர் இழையைத் தாண்டி, அதே வழியில் திரும்பி வாருங்கள்.

முடிச்சும் போட்டுச் செருகவும் செய்தால்?

இது சமாதானப் பேச்சு. செய்யுங்கள். ஆனால் இறுக்கமான முடிச்சைப் பின்னாளில் பிரிக்க முடியாது, கத்தரிக்கோல்தான்.

என் பாபிள் பின்பக்கமாகப் போகிறது...

மேலே.

ஆறு கண்ணியிலும் ஒரே இழுப்பில் வர மறுக்கிறது, கை வலிக்கிறது.

கண்ணிகளை ஒரே உயரத்துக்குத் தளர்த்துங்கள். கொக்கியின் வாயைக் கீழ்நோக்கித் திருப்பி இழுங்கள், பாபிளின் அடியை மறுகை விரலால் பிடித்துக்கொண்டே.

வரிசைக்கு வரிசை தையல் கூடிக்கொண்டே போகிறது அக்கா.

பாபிளை முடித்தபின் பூட்டுவதற்கு ஒரு சங்கிலி போடுகிறீர்கள், அப்புறம் அடுத்த வரிசையில் அதையும் எண்ணிவிடுகிறீர்கள். ஒரு பாபிளுக்கு ஒரு தலைதான். சிங்கிள் வரிசை முடிந்ததும் 23 இருக்கிறதா என்று எண்ணுங்கள்.

முடித்தபின் இஸ்திரி போடலாமா?

கூடாது. குமிழ் நசுங்கும், அக்ரிலிக் நூல் சூட்டில் துவண்டுவிடும். தண்ணீர் தெளித்து, ஓரங்களைக் குண்டூசியால் குத்திக் காயவிடுங்கள். வெள்ளை அடிநிறத்தில் சிவப்பு பாபிள் போடுபவர்கள், தொடங்கும் முன்பே சிவப்பு நூல் துண்டை ஈரமான வெள்ளைத் துணியில் அமுக்கிப் பாருங்கள்.

இதையே இரண்டு ஊசிப் பின்னலில் எப்படிப் போடுவது?

அது என் பாடம் இல்லை. நிட்டிங் தெரிந்தவரைக் கேளுங்கள்.

மேடம், அமெரிக்க டபுள் என்றால் பிரித்தானியத்தில்...

ட்ரெபிள்.

முடிச்சை அப்படிச் சுலபமாக விட்டுவிட மாட்டேன் அம்மா. ஒரு சதுரத்தில் பாதி முடிச்சு, பாதி செருகல் போட்டுத் துவைத்துக் காட்டுகிறேன்.

சரி. ஒரே நூலில் போடுங்கள், ஒரு தடவை இல்லை, பத்துத் தடவை துவையுங்கள். முடிச்சு நின்றால் இதே இடத்தில் தோற்றேன் என்று எழுதுகிறேன்.