கமோடைக் கவிழ்த்துப் பார்த்திருக்கீங்களா?

எம்.எஸ்சி. நர்சிங் முடிச்சு எட்டு வருஷமா சமுதாய நல நர்சிங் பாடம் எடுக்கறீங்க, இங்கிலாந்து வந்தா நேரா பல்கலைக்கழகத்துல விரிவுரையாளரா சேர முடியுமா, தொற்றுக் கட்டுப்பாடு, பொது சுகாதாரம் பக்கம் போக என்ன வழின்னு கேட்டிருக்கீங்க. கூடவே குளிர், வாடகை, பிள்ளைகளோட பள்ளிக்கூடம். குளிருக்கு ஒரு நல்ல கோட்டு போதும். மற்ற ரெண்டும் ஊருக்கு ஊர் மாறும், அதைச் சொல்ல ஆள் நிறைய இருக்காங்க. முதல் கேள்விக்கு வர்றேன். 2004-ல நானும் இதையேதான் மடியில கட்டிக்கிட்டு வந்து இறங்கினேன்.

நேரா முடியாதும்மா. இங்கே நர்சிங் சொல்லிக்கொடுக்கப் பெரும்பாலும் என்.எம்.சி. (இந்த நாட்டு நர்சிங் கவுன்சில்) பதிவு கேட்பாங்க, அதுக்கு மேல இந்த நாட்டு வார்டுல கைபட வேலை செஞ்ச அனுபவமும் கேட்பாங்க. பதிவுக்கு ஆங்கிலத் தேர்வு, கணினியில எழுதற நர்சிங் தேர்வு, இங்கே வந்ததும் ஓஸ்கின்னு ஒரு செய்முறைத் தேர்வு. ஆங்கிலத்துக்கு ஐ.இ.எல்.டி.எஸ். எழுதினா எழுத்துல 6.5, படிக்கறது, கேட்கறது, பேசறது மூணுலயும் 7 வேணும். ஓஸ்கியில 10 நிலையம். இதெல்லாம் படிச்சா வந்துடும். நீங்க படிக்க வெக்கிறவங்க.

நான் பயப்படறது ஏஜென்ட்டுக்கு. என் காலத்துல ஓஸ்கி கிடையாது. சில மாசம் மேற்பார்வையில வேலை பார்க்கணும், அடாப்டேஷன்னு பேரு. ஆஸ்பத்திரின்னு சொல்லிக் கூட்டிட்டு வந்தவர் விமான நிலையத்துலேர்ந்து நேரா ஒரு முதியோர் இல்லத்து வாசல்ல இறக்கி விட்டார். மாடியில ஒரே அறை, நாலு பேர், ரெண்டு கட்டில். ராத்திரி ஷிஃப்ட்காரங்க எழுந்த படுக்கையில பகல் ஷிஃப்ட் முடிச்சவங்க படுப்போம், போர்வையில சூடு கூட ஆறியிருக்காது. அடாப்டேஷன் எப்போன்னு கேட்டா 'அடுத்த மாசம்'. அப்படி ஏழு அடுத்த மாசம் போச்சு. வேலை தேடித் தர்றதுக்காக நர்ஸ்கிட்ட பணம் வாங்கறது இந்த நாட்டுச் சட்டப்படி தப்பு. எனக்கு அப்போ தெரியாது, உங்களுக்கு இப்போ தெரியும். ஒப்பந்தத்துல 'இடையில விலகினா இவ்வளவு கட்டணும்'னு எழுதியிருக்கற பக்கத்தை ரெண்டு தடவை படிங்க. 'முதல்ல கேர் ஒர்க்கரா (நர்ஸா இல்லாம, பராமரிப்பு உதவியாளரா) வாங்க, அப்புறம் பார்த்துக்கலாம்'னு இன்னும் ஒருத்தன் சொன்னா ஃபோனை வெச்சுடுங்க. வெளிநாட்டிலேர்ந்து புதுசா கேர் ஒர்க்கர் எடுக்கறதை 2025 ஜூலை 22-ஓட நிறுத்திட்டாங்க.

எட்டாவது மாசம் ஒரு ஆஸ்பத்திரியில இடம் கிடைச்சுது, வயசானவங்க வார்டு. இங்கே கமோடுன்னா நோயாளி படுக்கை பக்கத்துல வெச்சு மலம் கழிக்கற நாற்காலி. ஒரு நாள் அதைத் துடைச்சு, 'சுத்தம்'னு போட்ட பச்சைப் பட்டையும் ஒட்டிட்டுத் திரும்பறேன். அங்கே ஒரு உதவியாளர் அம்மா, அறுபதை நெருங்கினவங்க, நர்ஸ் கூட இல்லை. ஒண்ணும் பேசாம அதைத் தலைகீழாக் கவிழ்த்தாங்க. இருக்கைக்கு அடியில, சட்டத்தோட சேர்ற மடிப்புல, பழுப்பா ஒரு கோடு. வெள்ளை டிஷ்யூவால ஒரு இழுப்பு இழுத்து என் முகத்துக்கு நேரா காட்டிட்டுப் போயிட்டாங்க. ஆறு வருஷம் கரும்பலகையில வட்டம் போட்டுத் தொற்றுச் சங்கிலி நடத்தினவ நான். கிருமி, அது தங்கற இடம், வெளியேறும் வழி, பரவும் வழி, உள்ளே நுழையும் வழி, தாங்கமாட்டாத உடம்பு. வட்டம் அழகா வரும் எனக்கு. அதோட நாலாவது கண்ணி அந்த டிஷ்யூவுல இருந்துது.

அந்த வார்டுல அப்போ சி. டிஃப். வயித்துப்போக்கு. இங்கிலாந்து ஆஸ்பத்திரிகளை அந்த வருஷங்கள்ல ஆட்டிவெச்ச கிருமி. ஆன்டிபயாட்டிக் குடல்ல இருக்கற நல்ல பாக்டீரியாவை வழிச்செடுத்ததும் இது தலைதூக்கும். இதோட ஸ்போர், அதாவது கெட்டி ஓடு போட்டுக்கிட்டுத் தூங்கற வடிவம், ஆல்கஹால் ஜெல்லுக்குச் சாகாது. சோப்பும் தண்ணியுமா தேய்ச்சுக் கழுவித்தான் கையை விட்டு விரட்டணும், கட்டில் கம்பிக்கும் தரைக்கும் குளோரின். பாடப்புத்தகத்துல இது ஒரு வரி. வார்டுல அந்த ஒரு வரிக்காகக் கழுவிக் கழுவி என் புறங்கை வெடிச்சு ரத்தம் கசிஞ்சுது.

பெரும்பாலும் வார்டுக்கு ஒரு லிங்க் நர்ஸ் உண்டு, வார்டுக்கும் தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழுவுக்கும் நடுவுல பாலமா இருக்கறவங்க. சம்பளம் கூடாது, கெட்ட பேர் கூடும். யாரும் கை தூக்கலை, நான் தூக்கினேன். என்னோட இத்தனை வருஷப் பிழைப்பும் அந்தக் கை தூக்கினதுலேர்ந்து வந்ததுதான். 2008 வாக்குல முழங்கைக்குக் கீழே வாட்ச், வளையல், நீளக் கை எதுவும் கூடாதுன்னு விதி வந்துது, கல் வெக்காத மோதிரம் ஒண்ணுக்கு மட்டும் விலக்கு. பெரிய டாக்டர்கள்கிட்ட போய் 'சட்டைக் கையை மடிச்சுக்கோங்க'ன்னு சொல்றது என் வேலை. ஒருத்தர் 'ஆதாரம் எங்கே?'ன்னார். நியாயமான கேள்விதான், நேரடி ஆதாரம் அப்படி ஒண்ணும் பலமா இல்லை. 'மணிக்கட்டைக் கழுவணும்னா அது முதல்ல வெளியே தெரியணும் இல்லையா சார்'னேன். மடிச்சுக்கிட்டார்.

கையுறை பத்திப் பேச ஆரம்பிச்சா என்னை நிறுத்த முடியாது, என் மாணவிகளைக் கேட்டா சொல்வாங்க. போட்ட கையுறையோட திரைச்சீலையை இழுப்பாங்க, ஃபோனை எடுப்பாங்க, அதே கையால நோயாளியைத் தொடுவாங்க. கையுறை தாயத்து இல்லைம்மா. கழட்டினதும் கை கழுவணும், அதைத்தான் எல்லாரும் மறக்கறாங்க.

அப்புறம் காசநோய் நர்ஸா சில வருஷம். முதல் ரெண்டு மாசம் நாலு மருந்து, அடுத்த நாலு மாசம் ரெண்டு மருந்து. அதுல ஒண்ணு ரிஃபாம்பிசின், அதைச் சாப்பிட்டா சிறுநீர் ஆரஞ்சாப் போகும், நிறம் மாறலைன்னா மாத்திரை எங்கே போகுதுன்னு விசாரிக்கணும். அதட்டினா பொய் சொல்வாங்க. உட்கார்ந்து வீட்டு நிலவரம் கேட்டா தானா வரும். நம்ம ஆளுங்கதான் ரொம்ப மறைப்பாங்க. வீட்டுக்கு வர்றப்போ கழுத்துல தொங்கற அடையாள அட்டையைக் கழட்டிட்டு வரச் சொன்ன குடும்பம் உண்டு, பக்கத்து வீட்டுத் தமிழருக்குத் தெரிஞ்சுடுமாம்.

பொது சுகாதாரம்னு நீங்க மனசுல வெச்சிருக்கறது வீடு வீடாப் போற வேலைன்னா, அதுக்கு ஹெல்த் விசிட்டர் படிப்பு தனியா இருக்கு, முழுநேரமாப் படிச்சா ஒரு வருஷம். சுகாதாரப் பாதுகாப்புக் குழுவுல சேர்ந்தா பாதி வேலை ஃபோன்ல. ஒரு குழந்தைக்குத் தட்டம்மைன்னு தகவல் வரும். தடிப்பு வர்றதுக்கு நாலு நாள் முன்னாடியிலேர்ந்து, தடிப்பு வந்த பிறகு நாலு நாள் வரைக்கும் பரவும். அந்த நாட்கள்ல கிளினிக் காத்திருப்பு அறையில யார் யார் உட்கார்ந்திருந்தாங்க, அதுல கர்ப்பிணி உண்டா, கைக்குழந்தை உண்டான்னு ஒவ்வொருத்தராத் தேடணும். உங்க பாடம் எடுக்கற குரல் அங்கே உதவும்.

புதுசா வர்றவங்கள்ல ஒரு ரகம் இருக்கு, 'நான் அங்கே துணை முதல்வர், இங்கே பெட்பேன் தூக்கச் சொல்றாங்க'ன்னு பத்து வருஷம் கழிச்சும் புலம்பும். தூக்கினவங்க மேல போயிட்டாங்க, இவங்க இன்னும் அந்தப் பெயர்ப்பலகையைத் துடைச்சுக்கிட்டு இருக்காங்க. மலையாள நர்ஸுங்க ஒருத்தி வந்தா பத்து பேர் கைபிடிச்சு ஓஸ்கி பழக்கிவிடுவாங்க, ஓஸ்கி இல்லாத என் காலத்துல எனக்கு வார்டு வேலை பழக்கினதும் அவங்கதான். நம்மவங்க முதல்ல 'நீங்க எந்த பேண்ட்?'னு, அதாவது எந்தச் சம்பளப் படின்னு கேட்பாங்க.

வகுப்பறைக்குத் திரும்ப எனக்கு ஒன்பது வருஷம் ஆச்சு. எல்லாருக்கும் அவ்வளவு ஆகணும்னு இல்லை, வார்டுல இருக்கும்போதே மாணவிகளுக்கு மேற்பார்வை செஞ்சு, கற்பித்தல் சான்றிதழும் முடிச்சா சீக்கிரம் போகலாம். என் முதல் வகுப்புல வட்டம் வரையலை. பயிற்சிக்கூடத்துக் கமோடைக் கவிழ்க்கச் சொன்னேன். அடியில பீனட் பட்டர் தடவி வெச்சிருந்தேன், ஒரு பொண்ணு கத்தியே விட்டா.

அந்தப் பொண்ணை 2020 மார்ச்சுல மறுபடி பார்த்தேன். கொரோனாவுக்கு வார்டுக்குத் திரும்பக் கூப்பிட்டாங்க, போனேன். எஃப்.எஃப்.பி.3 மாஸ்க், காத்துல மிதக்கற கிருமியை வடிகட்டற இறுக்கமான மாஸ்க், முகத்துக்குப் பொருந்துதான்னு சோதிக்கறவ அவதான். தலையில கூடாரம் மாதிரி ஒரு மூடியை மாட்டி, உள்ளே கசப்புத் திரவத்தைத் தெளிச்சு, 'மூச்சை இழுத்து விடுங்க, தலையை இடம் வலம் திருப்புங்க, குனிங்க, இதைப் படிங்க'ன்னா. ரெண்டாவது வரியில நாக்குல கசப்பு ஏறிடுச்சு. அதைச் சொல்லாம விழுங்கிட்டு மேல படிச்சேன், வெளியே அத்தனை பேர் காத்திருந்தாங்க. அவ பட்டுனு மூடியைத் தூக்கினா. 'டீச்சர், முகம் சுளிக்கறீங்க. ஃபெயில்.' மூணாவது மாடல் மாஸ்க்லதான் பாஸ் பண்ணினேன். அது வரைக்கும் வார்டுக் கதவைத் தொட விடலை.

ஐ.இ.எல்.டி.எஸ். எழுதிட்டீங்களா? எழுத்துல எவ்வளவு வந்துதுன்னு சொல்லுங்க, மேல பேசலாம்.