தென்னாப்பிரிக்க மொழியான ஆஃப்ரிகான்ஸின் இலக்கிய ஆய்வில் வலைப்பின்னல் வரைபடம் எதற்கு?

எழுத்தாளர், பதிப்பகம், இதழ் ஒவ்வொன்றும் ஒரு புள்ளி. அவற்றுக்கிடையேயான உறவு ஒரு கோடு. கெஃபி போன்ற இலவச மென்பொருளில் இட்டால் படமாகிவிடும்.

தென்னாப்பிரிக்காவில் 1960-களில் இயங்கிய 'செஸ்டிகர்ஸ்' என்ற ஆஃப்ரிகான்ஸ் எழுத்தாளர் குழுவை எடுத்துக்கொள்ளுங்கள். பிரிங்க், பிரைட்டன்பாக், லெரூ, இங்கிரிட் யோங்கர் ஆகியோரைத் தனித்தனியாகப் படித்தால் தெரியாத ஒன்று படத்தில் தெரியும்: இடைநிலை மையத்தன்மை. அதாவது, எத்தனை பேரைத் தெரியும் என்பதல்ல, யார் பாலமாக நிற்கிறார் என்பது. ஆஃப்ரிகான்ஸ் கவிஞர் ஊய்ஸ் கிரிகேவும் ஆங்கில எழுத்தாளர் ஜாக் கோப்பும் சேர்ந்து 1968-இல் தென்னாப்பிரிக்கக் கவிதைத் தொகுப்பொன்றைக் கொண்டுவந்தார்கள். அந்த ஒரே கோடு இரு மொழி உலகங்களை இணைக்கிறது.

ஓர் எச்சரிக்கை: நட்பு, மதிப்புரை, காதல் (இந்தக் குழுவில் அதற்கும் பஞ்சமில்லை) எல்லாவற்றையும் ஒரே கோடாக வரைந்தால் கிடைப்பது ஆய்வல்ல, நூல்கண்டு.