குதிரைப் போட்டிக்கு முதல் முறை: எதை வாங்குவது, எதை விடுவது?

என் மகளுக்கு 13 வயது. சென்னையில் ஒன்றரை வருடமாகக் குதிரையேற்றம் கற்கிறாள். அடுத்த சீசனில் போட்டியில் இறக்கலாம் என்கிறார் பயிற்சியாளர். கடைக்காரர் தரும் பட்டியலைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. எதில் தொடங்குவது?
- ஒரு தாய், அடையாறு

கடைக்குப் போகும் முன் போட்டியின் ஷெட்யூலைக் கேட்டு வாங்குங்கள். எந்தப் பிரிவுக்கு என்ன உடை, எந்தச் சாமானுக்கு அனுமதி இல்லை என்பதெல்லாம் அதில் இருக்கும். நம் நாட்டு விதிகள் பெரும்பாலும் சர்வதேசக் கூட்டமைப்பான எஃப்.இ.ஐ-யின் விதிகளை ஒட்டியவைதான். ஆனால் தொடக்கநிலைப் பிரிவுகளில் அமைப்பாளர்கள் சில சலுகைகள் தருவதுண்டு.

வாங்க வேண்டிய வரிசை: ஹெல்மெட், பூட்ஸ், கையுறை, பிரீச்சஸ் (குதிரையேற்றத்துக்கான இறுக்கமான கால்சட்டை). கோட் கடைசியில். வளரும் பிள்ளைக்கு அது ஒரே வருடத்தில் சிறிதாகிவிடும், மூத்த பிள்ளைகளிடம் இரவல் கேட்பதில் தவறே இல்லை. சேணம் இப்போது வேண்டாம். பள்ளிக் குதிரையில்தான் போகப் போகிறாள். சேணம் முதலில் பொருந்த வேண்டியது குதிரையின் முதுகுக்கு. குதிரை மாறினால் நீங்கள் வாங்கியது வீணாகிவிடலாம்.

இரவலோ பழையதோ கூடவே கூடாத பொருள் ஹெல்மெட். உள்ளே உள்ள லேபிளில் பாஸ் 015, விஜி1, ஏஎஸ்டிஎம் எஃப்1163 போன்ற தரக்குறிகளில் ஒன்றாவது இருக்க வேண்டும். பைக், சைக்கிள் ஹெல்மெட்டுகள் வேறு வகை விபத்துக்காகச் சோதிக்கப்பட்டவை, இதற்கு ஆகாது. புருவத்துக்கு மேல் இரண்டரை செ.மீ. உயரத்தில் டேப்பைச் சுற்றித் தலையை அளந்து வாங்குங்கள். பட்டையை மாட்டாமல் தலையை ஆட்டினால், ஹெல்மெட்டோடு சேர்ந்து நெற்றித் தோலும் அசைய வேண்டும். ஹெல்மெட் மட்டும் தனியே ஆடினால் அளவு பெரிது. பின்னலை உச்சியில் கொண்டையாக முடிந்தால் ஹெல்மெட் தூக்கிக்கொள்ளும். கழுத்தருகே தாழ்வாக முடிந்து வலைக்குள் விடச் சொல்லுங்கள். கீழே விழுந்து ஒருமுறை தலை அடிபட்டால், வெளியே கீறலே இல்லாவிட்டாலும் அந்த ஹெல்மெட்டை மாற்றிவிட வேண்டும். அடியை வாங்கிக்கொள்ளும் உள்நுரை நசுங்கியிருப்பது கண்ணுக்குத் தெரியாது. வெயிலில் நிற்கும் காருக்குள்ளும் விட்டுவைக்காதீர்கள்.

ஓய்வுபெற்ற பந்தயக் குதிரை ஒன்றை வாங்கியிருக்கிறோம். 17 இன்ச் பழைய சேணம் ஒன்று நல்ல விலைக்கு வருகிறது. நம்பி வாங்கலாமா?
- கல்லூரி மாணவர், கோவை

17 இன்ச் என்பது உங்கள் இருக்கையின் அளவு. குதிரைக்கு வேண்டியது சேணத்துக்குள் இருக்கும் சட்டமான 'ட்ரீ'யின் அகலம். பழைய சேணத்தில் முதலில் ட்ரீ உடையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். முன்மேட்டை உங்கள் வயிற்றில் அணைத்துக்கொண்டு பின்மேட்டை உங்களை நோக்கி இழுங்கள். லேசாக வளைந்து கொடுக்கலாம். நடுவில் தோல் மடிந்து தளர்ந்தாலோ, 'கிறீச்' என்று சத்தம் வந்தாலோ விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம். அடுத்து, முன்மேட்டின் இரு கால்களையும் உள்நோக்கி அழுத்துங்கள். அசையக் கூடாது. அடிமெத்தையைத் தடவினால் கட்டி, பள்ளம் தெரியக் கூடாது. சேணத்தைக் குதிரையின் வயிற்றோடு கட்டும் பட்டையான கர்த்தை மாட்டும் வார்களில் ஓட்டைகள் நீண்டு கிழிசலுக்குப் போயிருந்தால் வார்களை மாற்றும் செலவையும் கணக்கில் சேருங்கள்.

பிறகு குதிரைமேல் வைத்துப் பாருங்கள். சேணத்துக்கு அடியில் விரிக்கும் நம்னா போடாமல், சற்று முன்னால் வைத்துப் பின்னோக்கித் தள்ளினால் அது தானாக ஓரிடத்தில் உட்காரும். தோள்பட்டை எலும்புக்குப் பின்னால் இரண்டு விரல் இடம் வேண்டும், இல்லையென்றால் தாண்டும்போது தோள் முட்டும். சேணத்தின் பின்நுனி கடைசி விலா எலும்பைத் தாண்டக் கூடாது. நடுவில் முதுகெலும்புக்கு மேலே உள்ள கால்வாய் முழுநீளத்துக்கும் மூன்று நான்கு விரல் அகலம் இருக்கட்டும்.

பந்தயக் குதிரைகள் பெரும்பாலும் தரோபிரெட் இனம். பிடரி முடியும் இடத்தில் இருக்கும் விதர்ஸ் என்ற மேடு இவற்றுக்கு உயரமாக, ஒடுக்கமாக இருக்கும்; பந்தயத்தை விட்டு வந்த புதிதில் இருபுறமும் சதை வற்றியிருக்கும். அகலமான ட்ரீ நேராக அந்த எலும்பில் இறங்கிவிடும். ஆள் ஏறிய பிறகும் முன்மேட்டுக்கும் விதர்ஸுக்கும் இடையே இரண்டு விரல் நுழைய வேண்டும். இறங்குகிற சேணத்துக்கு மூன்று நம்னாவை அடுக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். உயரம் கிடைக்கும், ஆனால் பக்கவாட்டில் இறுகும், சேணமும் ஆடும்.

அரைமணி நேரம் ஓட்டிவிட்டுக் கழற்றி முதுகைப் பாருங்கள். இருபக்கமும் சீராக வியர்த்திருந்தால் நல்லது. வியர்வைக்கு நடுவே உள்ளங்கை அளவு காய்ந்த திட்டு இருந்தால் அங்கே அழுத்தம் மிகுதி என்று பொருள். அதைக் கவனிக்காமல் விட்டால் வீக்கம், புண், பிறகு அந்த இடத்தில் வெள்ளை முடி. இதையெல்லாம் பார்க்க இரண்டு நாள் வைத்திருக்கத் தராதவரிடம் வாங்காதீர்கள். குதிரைக்குச் சதை போடப் போட வடிவம் மாறும். சில மாதங்களுக்கு ஒருமுறை மறுபடி பாருங்கள்.

பயிற்சியில் மார்ட்டிங்கேல் (குதிரை தலையை மிகவும் தூக்காமல் தடுக்கும் வார்), குதிரைக்குக் கால் பூட்ஸ் எல்லாம் போட்டே ஓட்டுகிறோம். போட்டியிலும் அப்படியே போகலாமா?
- ஓசூர் வாசகர்

தடை தாண்டும் போட்டியான ஷோ ஜம்பிங்கில், கடிவாள வார் வளையத்துக்குள் தடையில்லாமல் ஓடும் ரன்னிங் மார்ட்டிங்கேல் போடலாம். மூக்குப் பட்டையில் கட்டும் ஸ்டாண்டிங் மார்ட்டிங்கேலும், தலையைக் கீழே இழுத்துப் பிடிக்கும் டிரா ரெயினும் எஃப்.இ.ஐ விதிப்படி ஆகாது. சவுக்கு 75 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது. குதிரையின் நடைகளையும் பணிவையும் பார்க்கும் டிரெஸ்ஸாஜில் எந்த மார்ட்டிங்கேலும் கூடாது, குதிரையின் கால்களில் பூட்ஸோ பேண்டேஜோ இருக்கவும் கூடாது. வார்ம்-அப்பில் கட்டியதை மறந்து அப்படியே உள்ளே போய்த் தகுதியிழப்பது புதியவர்களிடம் அடிக்கடி நடக்கிறது. நுழைவதற்கு முன் நான்கு காலையும் ஒருமுறை பார்க்கும்படி குதிரையைப் பராமரிக்கும் சைஸிடம் சொல்லிவையுங்கள்.

குதிரையின் வாய்க்குள் வைக்கும் கடிவாளத் துண்டான பிட், நெம்புகோல் இல்லாத எளிய ஸ்நாஃபிள் வகையாக இருக்கட்டும். டிரெஸ்ஸாஜில் குதிரைக்குக் குறைந்தது 14 மி.மீ. தடிமன் வேண்டும். வாயின் இருபுறமும் 5 மி.மீ. அளவு வெளியே தெரிய வேண்டும், வாயோரத்தில் ஒன்றிரண்டு சுருக்கம் விழ வேண்டும். குதிரை இழுக்கிறது என்பதற்காகக் கடுமையான பிட்டுக்கு மாறாதீர்கள்; முதலில் குதிரையின் பல்லை மருத்துவரிடம் காட்டுங்கள், கடிவாளம் பிடிக்கும் உங்கள் கையையும் கவனியுங்கள். மூக்குப் பட்டைக்கும் மூக்கெலும்புக்கும் இடையே இரண்டு விரல் நுழைய வேண்டும். வாயை இறுக்கிக் கட்டி அடக்குவது குதிரைக்குச் செய்யும் கொடுமை.

ஸ்போர்ட்ஸ் ஷூ போதாதா?
- திருச்சி

போதாது. குதிகால் இல்லாததால் பாதம் அங்கவடிக்குள் நழுவிப் போய்ச் சிக்கிக்கொள்ளும். விழுந்தால் குதிரை இழுத்துக்கொண்டு ஓடும். இரண்டு செ.மீ. குதிகாலும் வழுவழுப்பான அடிப்பாகமும் உள்ள, கணுக்கால் வரை வரும் ஜோத்பூர் பூட்ஸ், மேலே கெண்டைக்காலைச் சுற்றி மாட்டும் ஹாஃப் சாப்ஸ் போதும். போட்டி அனுமதித்தால் நீள பூட்ஸுக்குச் செலவழிக்க வேண்டாம். அங்கவடி உங்கள் பூட்ஸைவிட இரண்டரை செ.மீ. அகலமாக இருக்கட்டும்.

இந்த வெயிலில் கோட் கட்டாயமா? தோல் சாமானைப் பூஞ்சையிலிருந்து எப்படிக் காப்பது?
- புதுச்சேரி

கடும் வெப்பத்தில் நடுவர் குழு கோட் இல்லாமல் ஓட்ட அனுமதிக்கலாம். அன்று உள்ளே போட்ட சட்டைதான் உங்கள் உடுப்பு. காலரும் கையும் உள்ள வெள்ளைச் சட்டையாக வாங்குங்கள். கோட் கறுப்போ நேவி நீலமோ, இலகுவான, நீளும் துணியில் எடுங்கள்.

தோலை ஒவ்வொரு முறையும் ஈரப் பஞ்சால் துடைத்து, கிளிசரின் சோப்பு தடவி, காற்றோட்டமான நிழலில் தொங்கவிடுங்கள். பாலித்தீன் பைக்குள் போட்டால் இரண்டே வாரத்தில் பூஞ்சை. வெயிலில் காயவைத்தால் வெடிப்பு. எண்ணெயை ஊற்றி ஊறவைத்தால் தையல் இளகும். எப்போதும் இடப்பக்கமிருந்தே ஏறுவதால் அந்தப் பக்க அங்கவடி வார் நீளும். மாதம் ஒருமுறை இரண்டையும் இடம் மாற்றி மாட்டுங்கள்.