காரில் உள்ள குரோம் பட்டைகளை நாமே கருப்பாக்க முடியுமா? ஸ்டிக்கர் நல்லதா, பெயின்ட் நல்லதா?

தாராளமாக முடியும். ஆனால் ஸ்ப்ரே டப்பா வேண்டாம், ஸ்டிக்கர் போல ஒட்டும் கருப்பு ஃபிலிம் ஒட்டுங்கள். உங்களுடையது வெள்ளை செடான், ஜன்னலுக்குக் கீழே ஓடும் பட்டை, நான்கு டோர் ஹேண்டில், டிக்கிப் பட்டை எல்லாம் கருப்பாக வேண்டும், கடையில் சொல்லும் கூலி கட்டுப்படியாகவில்லை, ஹார்டுவேர் கடையில் ஒரு கருப்பு ஸ்ப்ரே வாங்கி அடித்தால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் முதலில் ஸ்ப்ரேதான் அடித்தேன். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

எங்கள் வீடு திருவான்மியூரில், கடற்கரைக்கு நடந்தே போய்விடலாம். 2016 மாடல் சியாஸ். கார் நிற்பது ஸ்டில்ட் பார்க்கிங்கில்தான், ஆனாலும் உப்புக்காற்று விடுவதில்லை. மூன்று வருடத்திலேயே குரோம் மேல் ஊசி குத்தியது போலப் புள்ளி புள்ளியாக விழுந்துவிட்டது. பாலிஷ் போட்டுத் தேய்த்தால் ஒரு வாரம் பளபளக்கும், அப்புறம் பழையபடி ஆகிவிடும். கிரில், ஹேண்டில், டிக்கிப் பட்டை எல்லாம் பெரும்பாலும் பிளாஸ்டிக். அதன் மேல் செம்பு, அதன் மேல் நிக்கல், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு மைக்ரானுக்கும் குறைவான கனத்தில் குரோமியம். அந்த மெல்லிய குரோமியத்தில் கண்ணுக்குத் தெரியாத துளைகளும் விரிசல்களும் இருக்கும். உப்பு ஈரம் அந்த வழியாக இறங்கி அடியில் இருக்கும் நிக்கலை அரிக்கிறது. மேலே தேய்ப்பதால் கீழே அரித்தது திரும்பி வராது. நான் கருப்புக்குப் போனதற்குக் காரணம் இதுதான். ஸ்டைல் எல்லாம் அப்புறம்.

கிரில் பட்டையை மட்டும் முதலில் எடுத்துக்கொண்டேன். சோப்புப் போட்டுக் கழுவி, சுற்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி, கருப்பு ஸ்ப்ரேயை மூன்று கோட் அடித்தேன். அன்று சாயங்காலம் பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. மூன்றாவது வாரம் வாட்டர் வாஷுக்கு விட்டேன். பிரஷர் கன் பட்டதும் பெயின்ட் வெங்காயத் தோல் மாதிரி உரிந்து தொங்கியது. குறை பெயின்ட்டில் இல்லை. குரோம் கண்ணாடி போல வழவழப்பானது, பெயின்ட் பற்றிக்கொள்ள அதில் பிடிமானமே கிடையாது. பெயின்ட் நிற்க வேண்டுமானால் உப்புத்தாள் போட்டுப் பளபளப்பு முழுவதும் போகும்வரை தேய்க்க வேண்டும், ஒட்டுவதற்கான பிரைமர் அடிக்க வேண்டும், கலர், அதற்கு மேல் கிளியர் கோட். தேய்க்கும்போது வரும் நிக்கல் தூள் மூச்சில் போகக் கூடாது என்பதால் தண்ணீர் விட்டுத்தான் தேய்க்க வேண்டும். உறுதியாக நிற்கும், ஹார்டனர் கலந்து அடிக்கும் 2கே வகை கிளியர் கோட்டில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது. அதற்கான மாஸ்க் இல்லாமல் அடித்தால் நுரையீரலுக்குக் கேடு. குழந்தைகள் விளையாடும் அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் செய்கிற வேலை இல்லை இது. பெயின்ட்தான் வேண்டும் என்றால் பட்டையைக் கழற்றி ஒரு நல்ல டிங்கரிங் ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.

இன்னும் சிலர் கருப்பு இன்சுலேஷன் டேப்பை நீளமாக ஒட்டிவிடுகிறார்கள். நம் ஊர் வெயிலில் அதன் பசை உருகி வழிந்து, அதில் தூசி படிந்து, எடுக்கப் போனால் கையோடு பிசுபிசுவென்று வரும். அதுவும் வேண்டாம்.

சரி, ஃபிலிமுக்கு வருவோம். மவுன்ட் ரோடு பக்கம் ஜி.பி. ரோட்டில் ஃபிலிம் விற்கும் கடைகள் உண்டு. ஒன்றை மட்டும் அழுத்திக் கேளுங்கள்: காஸ்ட் ஃபிலிம் வேண்டும். போர்டு எழுதப் பயன்படுத்தும் சாதா வினைல் கேலண்டர்டு வகை. சூடான பிளாஸ்டிக்கை உருளைகளுக்கு நடுவே நசுக்கி நீட்டிச் செய்வது அது. நீட்டப்பட்டது சுருங்கத்தான் பார்க்கும். வெயிலில் ஓரங்கள் உள்வாங்கி, பசை கோடாகத் தெரிய ஆரம்பிக்கும். காஸ்ட் ஃபிலிமைத் திரவமாக ஊற்றிப் படியவைத்துச் செய்கிறார்கள், அதனால் வளைவுகளில் சொன்னபடி உட்காரும். 3எம் 2080, ஏவரி டெனிசன் சுப்ரீம் ராப்பிங் ஃபிலிம் இரண்டும் காஸ்ட்தான். ரோலில் ஒட்டியிருக்கும் லேபிளைக் காட்டச் சொல்லிப் பார்த்து வாங்குங்கள்.

ரோலின் அகலம் ஐந்தடி, 152 சென்டிமீட்டர். ஜன்னல் பட்டை ஒவ்வொரு கதவுக்கும் தனித்தனித் துண்டுதான் என்பதால் அகலவாட்டில் கீற்றுகளாக வெட்டினால் நீளம் தாராளமாகப் போதும். நான் இரண்டடி வாங்கினேன், எல்லாம் முடித்தும் மிச்சம் இருந்தது. நிறத்தில் கிளாஸா, சாட்டினா, மேட்டா என்று குழப்பம் வரும். உங்கள் காரில் முன் கதவுக்கும் பின் கதவுக்கும் நடுவில் இருக்கும் தூணைப் பாருங்கள். அது மங்கலான கருப்பு என்றால் சாட்டின் வாங்குங்கள், பியானோ மாதிரி மின்னினால் கிளாஸ். கிளாஸில் அடியில் மாட்டிய ஒரு மணல் துகள்கூடப் பரு மாதிரி தெரியும். முதல் முறை செய்கிறவருக்குச் சாட்டின் கொஞ்சம் இரக்கம் காட்டும்.

காரில் கைவைக்கும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். புதுப்பேட்டைக்குப் போய் ஏதாவது ஒரு காரின் பழைய குரோம் ஹேண்டில் ஒன்று வாங்கி வாருங்கள். எந்த மாடலாக இருந்தாலும் பரவாயில்லை. வீட்டில் உட்கார்ந்து அதில் நான்கைந்து முறை ஒட்டி ஒட்டி உரியுங்கள். ஃபிலிம் எவ்வளவு இழுத்தால் வெளிறும், எங்கே மடியும் என்பதெல்லாம் கைக்குப் பழகிவிடும். எனக்குக் காரில் ஃபிலிம் வீணாகாமல் இருந்ததற்கு அந்தப் பழைய ஹேண்டில்தான் காரணம்.

அடுத்தது சுத்தம் செய்வது. ஒட்டுவதைவிட இதற்குத்தான் அதிக நேரம் பிடிக்கும், பிடிக்கவும் வேண்டும். வாட்டர் வாஷில் டாஷ்போர்டுக்கும் டயருக்கும் போடும் பாலிஷில் சிலிகான் உண்டு. அது பறந்து வந்து குரோம் மேலும் படிந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அதன் மேல் எந்தப் பசையும் நிற்காது. ஷாம்பூவில் கழுவி, காய்ந்ததும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த மைக்ரோஃபைபர் துணியால் துடையுங்கள். அது காய்வதற்குள் இன்னொரு சுத்தமான துணியால் துடைத்து எடுத்துவிட வேண்டும். தானாகக் காயவிட்டால் கரைந்த அழுக்கு அங்கேயே திரும்பப் படிந்துவிடும். பட்டைக்கும் ரப்பர் பீடிங்குக்கும் நடுவில் இருக்கும் சந்துக்குத் துணியை ஒரு பழைய ஏடிஎம் கார்டில் சுற்றிக்கொள்ளுங்கள். முதல் தடவை அந்தச் சந்திலிருந்து எனக்கு வந்தது கன்னங்கரேல் என்ற மை மாதிரி அழுக்கு. ஆறு தடவை துடைத்த பிறகுதான் துணி வெள்ளையாக வந்தது. முலாம் எங்காவது உரிந்து தூக்கியிருந்தால் அந்த ஓரம் பிளேடு மாதிரி இருக்கும், விரல் பத்திரம். அதைத் தேய்த்துச் சமன் செய்யாமல் மேலே ஃபிலிம் ஒட்டாதீர்கள். பெரிய அளவில் உரிந்திருந்தால் அந்தப் பட்டையையே மாற்றிவிடுவது மேல்.

விடிகாலையில், காற்று எழும்புவதற்கு முன்னால் ஒட்டுங்கள். தரையில் தண்ணீர் தெளித்துக்கொண்டால் தூசி அடங்கும். என் அக்கா மகன் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள, நான் மறுமுனையிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்தேன். நீளமான கீற்றைத் தனியாளாக ஒட்டினால் அது தன் மேலேயே ஒட்டிக்கொள்ளும், இரண்டு பேர் வேண்டும். பட்டையை விட மேலும் கீழும் ஒரு சென்டிமீட்டர் அதிகமாக வெட்டிக்கொள்ளுங்கள். இழுக்காமல் சும்மா படியவிட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்குத் துணி ஒட்டிய ஸ்குயீஜியால் (ஃபிலிமை அழுத்தித் தேய்க்கும் பிளாஸ்டிக் பட்டை) நீவுங்கள். மேல் ஓரத்தை மெல்லிய பிளாஸ்டிக் குச்சியால் பீடிங்குக்கு அடியில் செருகிவிட வேண்டும். அந்த ஓரம் வெளியே நின்றால், கண்ணாடியை ஏற்றி இறக்குவதிலும் துடைப்பதிலும் தூக்கிக்கொண்டு வந்துவிடும். கீழ் ஓரத்தில் பிளேடால் வெட்டும்போது பிளேடு கார் பெயின்ட்டில் இறங்கக் கூடாது. கீறல் தகடு வரை இறங்கிவிட்டால் போதும், கடலோரத்தில் அங்கிருந்து துரு கிளம்பும். நான் பெயின்ட் மேல் இரண்டு அடுக்கு மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொண்டேன். நைஃப்லெஸ் டேப் என்று நடுவில் நூல் வைத்த டேப் ஒன்று இருக்கிறது. முதலில் அதை ஒட்டி, மேலே ஃபிலிமை ஒட்டி, நூலை இழுத்தால் ஃபிலிம் மட்டும் நேராக அறுபடும். கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

ஹேண்டில்தான் கஷ்டம். தினமும் விரல் படும் இடம், நகமும் மோதிரமும் உரசும். உள்பக்கம், விரல் நுழையும் குழிவில், ஃபிலிம் குறைந்தது ஒரு சென்டிமீட்டர் உள்ளே மடிந்து போக வேண்டும். சாவித் துவாரம், ஸ்மார்ட் கீ பட்டன் இரண்டையும் விட்டுச் சுற்றி வெட்டிவிடுங்கள்.

எல்லாரும் அவசரப்படுவது சூடு கொடுப்பதில். காஸ்ட் ஃபிலிமாக இருந்தாலும் வளைவில் நாம் இழுத்து ஒட்டிய இடம் பழைய அளவுக்குத் திரும்பத்தான் பார்க்கும். ஒட்டி முடித்த பிறகு ஓரங்களையும் வளைவுகளையும் 95 டிகிரி அளவுக்குச் சூடாக்கினால் அந்த இழுவை அடங்கிவிடும். ஹேர் டிரையர் இதற்குப் போதாது, ஹீட் கன் வேண்டும். ஆனால் உள்ளே இருக்கும் ஏபிஎஸ் பிளாஸ்டிக் 105 டிகிரி வாக்கில் இளக ஆரம்பிக்கும். இரண்டுக்கும் நடுவில் இருப்பது பத்து டிகிரிதான். ஹீட் கன்னை ஒரே இடத்தில் நிறுத்தினால் முலாம் கொப்புளம் விடும். அசைத்துக்கொண்டே இருங்கள், துப்பாக்கி மாதிரி இருக்கும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் பார்த்துக்கொண்டே இருங்கள். வெறும் குரோம் மேல் அந்தத் தெர்மாமீட்டர் தப்பான அளவு காட்டும், பளபளப்பான உலோகம் அதை ஏமாற்றிவிடும். கருப்பு ஃபிலிம் மேல் சரியாகக் காட்டும்.

நான் டிக்கிப் பட்டையின் வலது மூலையில் மட்டும் இந்தச் சூட்டைச் சரியாகக் கொடுக்கவில்லை. நாலாவது நாள் மத்தியானம், “மாமா, இங்கே வெள்ளையா தெரியுது” என்றான் அக்கா மகன். குனிந்து பார்த்தால் ஃபிலிம் மூன்று மில்லிமீட்டர் உள்வாங்கி, மூலையில் குரோம் எட்டிப் பார்த்தது. அந்தத் துண்டை உரித்துவிட்டு, புதுத் துண்டை இழுக்காமல் ஒட்டி, ஒழுங்காகச் சூடு கொடுத்தேன். இன்றைக்கும் அப்படியே இருக்கிறது.

டிக்கிப் பட்டையில் ரிவர்ஸ் கேமரா, நம்பர் பிளேட் விளக்கு இருந்தால் அவற்றை மூடிவிடாதீர்கள். முன்னால் போகும் வண்டியைப் பார்த்துத் தானாகப் பிரேக் போடும் வசதி உங்கள் காரில் இருந்தால், சில மாடல்களில் அதற்கான ரேடார் முன்பக்க லோகோவுக்குப் பின்னால்தான் இருக்கும். அந்த லோகோவில் ஃபிலிமோ பெயின்ட்டோ எதுவும் வேண்டாம். கிரில் பட்டையைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். முன் பம்பரைக் கழற்றாமல் பின் ஓரங்களுக்குக் கை எட்டாத கார்கள் நிறைய. என்னுடையதில் உரிந்து கிடந்த பெயின்ட்டை முழுக்க எடுத்துச் சுத்தம் செய்யவே அரை நாள் போயிற்று.

ஹீட் கன், ஆல்கஹால், டேப் எல்லாம் சேர்த்து எனக்கு 4,000 ரூபாய்க்குள் முடிந்தது. ஒட்டி இரண்டு நாள் தண்ணீர் படாமல் வைத்திருங்கள். வாட்டர் வாஷில் பிரஷர் கன்னை ஃபிலிம் ஓரத்துக்கு நேராகப் பிடிக்க வேண்டாம் என்று ஒவ்வொரு முறையும் சொல்லிவிடுங்கள், நான் சொல்கிறேன். மிச்சமான ஃபிலிமை மடிக்காமல் சுருட்டி, வெயில் படாத அலமாரியில் வையுங்கள். எனக்கு டிரைவர் பக்க ஹேண்டிலில் பதினான்கு மாதத்தில் ஓரம் கிளம்பியது. லேசாகச் சூடு காட்டி, மெதுவாக இழுத்து உரித்து, அந்த மிச்சத் துண்டிலிருந்து வெட்டி ஒட்டினேன். இருபது நிமிட வேலை.