மாதத்தில் எத்தனை நாள் மாத்திரை போடுகிறீர்கள்?

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் தலைவலிதான், அதனால் மற்றதையெல்லாம் அடுத்த முறைக்குத் தள்ளிவிட்டேன். எனக்கும் இருபது வருஷமாக மைக்ரேன் எனும் ஒற்றைத் தலைவலி உண்டு. ஆகவே சில இடங்களில் டாக்டராகவும் சில இடங்களில் சக நோயாளியாகவும் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எனக்கு 34 வயது. கல்லூரிக் காலத்திலிருந்தே மாதம் இரண்டு மூன்று தடவை தலையின் ஒரு பக்கம் விண்விண்ணென்று தெறிக்கும், வாந்தி வரும், விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தால் மறுநாள் சரியாகிவிடும். இப்போது ஒரு வருஷமாக அநேகமாகத் தினமும் எழும்போதே தலை கனக்கிறது. மாத்திரை போட்டால்தான் வேலைக்குப் போக முடிகிறது, அதன் வேகம் இறங்கியதும் மறுபடி வலி. எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து ஒன்றும் இல்லை என்றார்கள். ஒன்றும் இல்லாமலா இப்படி வலிக்கும்?

பதில்: இருக்கிறது. ஸ்கேனில் தெரியாது, அவ்வளவுதான். ஸ்கேன் காட்டுவது மூளையின் உருவத்தை. மைக்ரேனில் கோளாறு இருப்பது நரம்புகள் வலியைக் கையாளும் விதத்தில். "ஒன்றும் இல்லை" என்றால் கட்டி இல்லை, ரத்தக்கசிவு இல்லை என்று அர்த்தம். இதை உங்களுக்கு விளக்கிச் சொல்ல இரண்டு நிமிடம் போதும், யாரும் சொல்லவில்லை என்பதுதான் வருத்தம்.

கல்லூரிக் காலத்தில் வந்தது நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் அசல் மைக்ரேன். மருந்தில்லாமல் விட்டால் 4 மணி முதல் 72 மணி நேரம் வரை நீடிக்கும். ஆனால் இந்த ஒரு வருஷக் கதை வேறு. கடிதம் முழுக்கத் தேடினேன், மாதத்தில் எத்தனை நாள் மாத்திரை போடுகிறீர்கள் என்று மட்டும் நீங்கள் எழுதவில்லை. என் சந்தேகம் எல்லாம் அங்கேதான். பாராசிட்டமால், ஐபுப்ரொஃபென் மாதிரி சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மைக்ரேன் வலியை நிறுத்தத் தரும் டிரிப்டான், எர்கோட் வகை, அல்லது காஃபீன் முதலியவை கலந்த கூட்டு மாத்திரை என்றால் 10 நாளோ அதற்கு மேலோ, இப்படி மூன்று மாதத்துக்கு மேல் போட்டு வந்தால், தலைவலிக்குப் போட்ட மாத்திரையே தலைவலியை வரவழைக்க ஆரம்பித்துவிடும். ஒரே நாளில் இரண்டு போட்டாலும் இந்தக் கணக்கில் ஒரு நாள்தான், தினம் ஒன்றே ஒன்று போட்டாலும் முப்பது நாள். "நான் ஒண்ணுதானே போடுறேன்" என்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் மாட்டுகிறார்கள்.

இதற்காக உங்களையே திட்டிக்கொள்ள வேண்டாம். மூட்டுவலிக்காகத் தினமும் மாத்திரை போடுகிறவர்களில் தலைவலி சுபாவம் இல்லாதவர்களுக்குப் பொதுவாக இப்படி ஆவதில்லை. நமக்குத்தான் அந்தச் சுபாவம்.

சரி, என்ன செய்வது? நிறுத்த வேண்டும், அல்லது வெகுவாகக் குறைக்க வேண்டும். ஆனால் நரம்பியல் மருத்துவரிடம் சொல்லிவிட்டு. டிராமடால், கோடீன் மாதிரி அபின் வகை வலி மருந்தோ தூக்க மருந்தோ கலந்திருந்தால் திடீரென்று நிறுத்தக்கூடாது, படிப்படியாகத்தான் இறக்க வேண்டும். நிறுத்திய முதல் சில நாள், சிலருக்குப் பத்து நாள் வரை, வலி இன்னும் மோசமாகும். குமட்டல் வரும், தூக்கம் கெடும், எரிச்சலில் வீட்டில் எல்லோரோடும் சண்டை வரும். முன்கூட்டியே சொல்லிவையுங்கள். முடிந்தால் விடுப்பு எடுங்கள்.

கூடவே தடுப்பு மருந்து ஒன்றை ஆரம்பிப்பார்கள். இங்கேதான் பலர் ஓடிவிடுகிறார்கள். சீட்டில் இருப்பது புரோபிரனாலால், இணையத்தில் தேடினால் பிரஷர் மாத்திரை என்கிறது. அமிட்ரிப்டிலின், மனச்சோர்வு மாத்திரை என்கிறது. டோபிரமேட், வலிப்பு மாத்திரை! "எனக்கு வலிப்பா?" என்று பயந்துபோய் மூன்றாம் நாளே நிறுத்தியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இவையெல்லாம் வேறு நோய்க்கு வந்து மைக்ரேனுக்கும் உதவும் என்று தெரியவந்தவை. குறைந்த அளவில் தொடங்கி மெல்ல ஏற்றுவார்கள். சரியான அளவை எட்டியபின் இரண்டு மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் பலனில்லை என்று சொல்ல வேண்டும். ஆஸ்துமா இருந்தால் புரோபிரனாலால் கூடாது. கர்ப்பம் தரிக்கும் எண்ணம் இருந்தால் டோபிரமேட், வால்ப்ரோயேட் இரண்டும் வேண்டாம், கருவைப் பாதிக்கும். இவற்றால் ஆகவில்லை என்றால் சிஜிஆர்பி என்ற புரதத்தின் வேலையைத் தடுக்கும் ஊசிகள் இருக்கின்றன, மைக்ரேனுக்கென்றே உருவாக்கப்பட்டவை, முதலாவது 2018இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. வலி நாட்கள் பாதியாகக் குறைந்தாலே நாங்கள் அதை வெற்றி என்போம். அடியோடு போய்விடும் என்று யாராவது உத்தரவாதம் கொடுத்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

அப்புறம், வாரத்துக்கு இரண்டு நாளுக்கு மேல் வலி மாத்திரை இல்லை என்று ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். அந்த இரண்டு நாளில் தயங்காமல், வலி லேசாக இருக்கும்போதே, டாக்டர் சொன்ன முழு அளவைப் போடுங்கள். மைக்ரேன் முற்றினால் இரைப்பை மந்தமாகிவிடும், அதன் பிறகு விழுங்குவது ரத்தத்தில் சேரவே நேரமாகும். வாந்தியை நிறுத்தும் மருந்தைச் சேர்த்துக் கொடுப்பதற்கும் இது ஒரு காரணம்.

கேள்வி: என் கணவருக்கு 41 வயது. நடு ராத்திரி இரண்டு மணிக்கு அலாரம் வைத்த மாதிரி எழுந்து, இடது கண்ணைப் பொத்திக்கொண்டு அறைக்குள்ளேயே நடக்கிறார். அந்தக் கண்ணில் மட்டும் தண்ணீர், அந்தப் பக்கம் மட்டும் மூக்கு ஒழுகுகிறது. ஒரு மணி நேரத்தில் தானாக நின்றுவிடுகிறது. ஆறு வாரம் இப்படி, பிறகு பல மாதம் ஒன்றுமே இல்லை. சைனஸ் என்றார்கள், பல் என்று ஒரு பல்லையும் பிடுங்கினார்கள். "செத்துவிடலாம் போல இருக்கு" என்கிறார்.

பதில்: சகோதரி, இதை அப்படியே, ஒரு வார்த்தை மாற்றாமல், நரம்பியல் மருத்துவரிடம் சொல்லுங்கள். சில வாரம் கொத்தாக வந்துவிட்டுப் போகும் கிளஸ்டர் தலைவலியின் வர்ணனை இது. மைக்ரேன்காரர் அசையாமல் படுத்துக்கிடப்பார், கிளஸ்டர்காரருக்கு உட்காரவே முடியாது. ஒவ்வொரு தடவையும் 15 நிமிடம் முதல் 3 மணி நேரம் வரை, பெரும்பாலும் அதே நேரத்தில், அதே பக்கத்தில் வரும். பாவம், அந்தப் பல் என்ன செய்தது.

வாயால் விழுங்கும் மாத்திரை வேலை செய்வதற்குள் வலியே போய்விடும் என்பதால் அதை நம்பிப் பயனில்லை. முகமூடி வழியாக நிமிடத்துக்கு 12 லிட்டர் அல்லது அதற்கு மேல் சுத்தமான ஆக்சிஜனை 15 நிமிடம் போல சுவாசித்தால் பலருக்கு அடங்கிவிடும். தோலுக்கடியில் போடும் சுமாட்ரிப்டான் ஊசியும் உண்டு, இதய நோய் இருந்தால் கூடாது. வீட்டில் ஆக்சிஜன் வைத்துக்கொள்ள டாக்டரின் சீட்டோடு ஏற்பாடு செய்யலாம், அருகில் புகைப்பது அறவே கூடாது. தடுப்புக்கு வெரபமில், இடையிடையே இ.சி.ஜி. பார்த்துக்கொண்டுதான் ஏற்ற வேண்டும். ஒரு தடவை மூளை ஸ்கேனும் எடுக்கச் சொல்வார்கள், எடுத்துவிடுங்கள். வலிக்காலம் முடியும் வரை மதுவைத் தொடவே வேண்டாம். அப்புறம் அந்த "செத்துவிடலாம்" என்ற பேச்சு. அதைச் சும்மா வாய்வார்த்தை என்று விட்டுவிடாதீர்கள், நேரடியாகக் கேளுங்கள், டாக்டரிடமும் சொல்லுங்கள், வலி வரும் ராத்திரிகளில் அவரைத் தனியே விடாதீர்கள்.

கேள்வி: தலைவலிக்கு முன் இருபது நிமிடம் கண் முன்னால் மின்னுகிற கோணல் கோடுகள் தெரியும். கர்ப்பத்தடை மாத்திரை சாப்பிடுகிறேன். சம்பந்தம் உண்டா?

பதில்: அந்தக் கோடுகளுக்கு ஆரா என்று பெயர். ஆரா வரும் மைக்ரேனில் பக்கவாத ஆபத்து கொஞ்சம் கூடுதல், ஈஸ்ட்ரஜன் சேர்ந்த கர்ப்பத்தடை மாத்திரை அதை இன்னும் கூட்டும், புகைப்பழக்கம் இருந்தால் கேட்கவே வேண்டாம். உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் இந்த வாரமே சொல்லி ஈஸ்ட்ரஜன் இல்லாத வேறு முறைக்கு மாறுங்கள்.

கேள்வி: எந்தத் தலைவலிக்கு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்?

பதில்: இடி விழுந்த மாதிரி ஒரே நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போகும் வலி, ஏற்கெனவே மைக்ரேன் இருந்தாலும் சரி. காய்ச்சலோடு கழுத்து விறைப்பு. வாய் குழறுவது, கைகால் மரத்துப்போவது, வலிப்பு. தலையில் அடிபட்ட பிறகு வருவது. கர்ப்பகாலத்திலோ பிரசவத்தை ஒட்டியோ புதிதாக வரும் கடும் வலி. ஐம்பது வயதுக்கு மேல் முதல் முறையாக வருவதையும் லேசாக எடுக்காதீர்கள். அதோடு மெல்லும்போது தாடை வலித்தால், தலை சீவும்போது உச்சந்தலை வலித்தால், பார்வை மங்கினால் அன்றைக்கே போங்கள். தாமதித்தால் கண் பார்வையே போகலாம்.

கேள்வி: சாக்லேட் தின்றால் மைக்ரேன் வருகிறது. விட்டுவிடவா?

பதில்: அவசரப்படாதீர்கள். வலி வருவதற்குச் சில மணி நேரம் முன்பே, ஏன் முந்தின நாளே, மூளை மாற ஆரம்பித்துவிடும். கழுத்து பிடிக்கும், இனிப்பு மேல் ஆசை வரும். சாக்லேட்டால் வலி வந்ததா, வரப்போகிற வலியால் சாக்லேட் ஆசை வந்ததா என்று இரண்டு மாதம் நாட்குறிப்பில் எழுதிப் பாருங்கள். வேளை தவறிச் சாப்பிடுவதையும் தூக்கம் முன்பின்னாவதையும் சேர்த்தே எழுதுங்கள், பலருக்குக் குற்றவாளி அங்கே கிடைப்பான். எனக்கு முன்னறிகுறி கொட்டாவி. காரணமில்லாமல் நாலு தடவை தொடர்ந்து விட்டேன் என்றால் வீட்டில் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு விடுகிறார்கள்.