அள்ளிய சேறு எங்கே போகிறது? – வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

துறைமுகங்களில் தூர்வாரி அள்ளும் சேற்றையும் மணலையும் கடலில் கொட்டுவது குறித்து இம்மாதம் வந்த கடிதங்களில் ஐந்தை எடுத்துக்கொள்கிறேன். எழுதியவர்களின் பெயர்களை வெளியிடவில்லை.

கேள்வி: எங்கள் ஊருக்கு நேரே கடலில், துறைமுகத்தில் அள்ளிய சேற்றைக் கப்பலில் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். அன்றிலிருந்து அந்தப் பக்கம் தண்ணீர் கலங்கலாகவே கிடக்கிறது. வலையில் மீனுக்குப் பதில் சேறுதான் ஏறுகிறது. கேட்டால், "கடலில் எடுத்த மண்ணைக் கடலில்தானே போடுகிறோம்" என்கிறார்கள். இது சரியா?
– மீனவர் ஒருவர், கிழக்குக் கடற்கரை

எடுத்த இடமும் கடல், போடும் இடமும் கடல் என்பதால் அந்த மண் கடலுக்குப் பழகிய மண் ஆகிவிடாது. அலைதடுப்புச் சுவர்களுக்குள் தண்ணீர் அசையாமல் நிற்பதால், அலையடிக்கும் திறந்த கரையோரத்தில் எளிதில் தங்காத நுண்ணிய களியும் வண்டலும் துறைமுகத்துக்குள் வந்து படிகின்றன. உலோகங்களும் எண்ணெய்க் கழிவும் மணலைவிட இந்த நுண்துகள்களில்தான் அதிகமாக ஒட்டிக்கொள்ளும். கப்பலின் அடியில் பாசியும் கொட்டலசும் பிடிக்காமலிருக்க முன்பு பூசிவந்த டிரைபியூட்டைல் டின் என்ற நஞ்சு கலந்த வண்ணப்பூச்சு, 2008இல் நடைமுறைக்கு வந்த பன்னாட்டு உடன்படிக்கையால் தடைசெய்யப்பட்டது. ஆனால் அதற்கு முன்பே உதிர்ந்து சேற்றில் புதைந்தது பல பழைய துறைமுகங்களில் இன்னும் அடியில் கிடக்கிறது. ஆழமாகத் தோண்டும்போது அதுவும் மேலே வருகிறது.

நீங்கள் வீட்டிலேயே ஒன்றைச் செய்து பார்க்கலாம். ஒரு கண்ணாடிப் புட்டியில் கைப்பிடி அளவு துறைமுகச் சேற்றைப் போட்டு, கடல்நீர் ஊற்றி, நன்றாகக் குலுக்கி, சன்னலோரம் வையுங்கள். மணல் இருந்தால் ஒரு நிமிடத்துக்குள் அடியில் உட்கார்ந்துவிடும். வண்டல் மெல்ல இறங்கும். களி இறங்க மணிக்கணக்காகும். மிக நுண்ணியது மறுநாள் காலையிலும் நீரை மங்கலாக்கிக்கொண்டு நிற்கக்கூடும். புட்டியைத் திறந்ததும் அழுகிய முட்டை நாற்றம் வந்தால், காற்றுப் புகாத ஆழத்தில் மட்கிக் கிடந்த சேறு அது என்று பொருள். கப்பல் தன் அடிக்கதவுகளைத் திறந்ததும் ஆயிரக்கணக்கான கன மீட்டர் மண் ஒரே திரளாக இறங்கி, கீழே இருக்கும் சிப்பி, புழு, நண்டு அனைத்தையும் மூடிவிடுகிறது. இறங்காமல் மிதக்கும் பகுதியை நீரோட்டம் இழுத்துச் செல்லும் திசையில்தான் உங்கள் வலை இருக்கிறது.

உங்கள் வலை வெறுமையானதற்குக் கொட்டலே காரணம் என்று ஒரு கடிதத்தை வைத்து நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் கொட்டுவதற்கு முன் அங்கே நீர் எவ்வளவு தெளிவாக இருந்தது, அடித்தரையில் என்னென்ன உயிர்கள் இருந்தன என்று அளந்து வைத்திருந்தால், இன்று இந்தக் கேள்விக்கு விடை கிடைத்திருக்கும். அந்த அளவீட்டைச் செய்து காட்ட வேண்டிய கடமை கொட்டுபவருடையது, உங்களுடையது அன்று.

கேள்வி: கடலில் கொட்டுவதைக் கட்டுப்படுத்த உலக அளவில் சட்டம் இருக்கிறதா?
– பள்ளி ஆசிரியை, நாகர்கோவில்

இருக்கிறது. 1972ஆம் ஆண்டின் லண்டன் உடன்படிக்கை, கடலில் கொட்டவே கூடாத பொருள்களைப் பட்டியலிட்டது. 1996இல் எழுதப்பட்டு 2006இல் நடைமுறைக்கு வந்த லண்டன் நெறிமுறை அந்த முறையைத் தலைகீழாக்கியது: பட்டியலில் உள்ளவற்றைத் தவிர வேறெதையும் கொட்டக் கூடாது. வாசலில் "இன்னார் வரக் கூடாது" என்று எழுதி வைப்பதற்கும் "இன்னாரைத் தவிர யாரும் வரக் கூடாது" என்று எழுதி வைப்பதற்கும் உள்ள வேறுபாடு இது. அந்தச் சிறிய பட்டியலில் முதலில் நிற்பது தூர்வாரிய மண். உலகில் அனுமதி பெற்றுக் கடலில் கொட்டப்படுபவற்றில் மிகப் பெரும்பங்கும் அதுதான்.

பட்டியலில் இடம்பெற்றதாலேயே அனுமதி கிடைத்துவிடாது. மண்ணில் என்ன இருக்கிறது, எங்கிருந்து அந்த மாசு வருகிறது, கொட்டும் இடம் எத்தகையது, விளைவு என்னவாக இருக்கும், பிறகு யார் கண்காணிப்பார்கள் என்று வரிசையாக விடை சொல்ல வேண்டும். இந்த நெறிமுறையில் நான் மிகவும் மதிக்கும் வரி அதன் இரண்டாம் இணைப்பில் இருக்கிறது: மனிதருக்கும் சுற்றுச்சூழலுக்கும் பெருங்கேடு இல்லாமலும், அளவுக்கு மீறிய செலவு இல்லாமலும் அந்தப் பொருளை மறுபடி பயன்படுத்தவோ தூய்மைப்படுத்தவோ தகுந்த வழி இருக்கிறது என்று அதிகாரி கண்டால், கொட்டுவதற்கான அனுமதியை மறுக்க வேண்டும். அதாவது, கொட்டுவது கடைசி வழி.

அமெரிக்காவில் சோதனை எப்படி நடக்கிறது என்று சொன்னால் உங்கள் மாணவர்களுக்கும் பிடிக்கும். இறாலுக்கு உறவான மிகச் சிறிய உயிர்களை அந்தச் சேற்றில் 10 நாள் விட்டு, எத்தனை பிழைத்தன என்று எண்ணுகிறார்கள். கடற்புழுவையும் சிப்பியையும் 28 நாள் அதே சேற்றில் வளர்த்து, அவற்றின் உடலில் நஞ்சு ஏறியிருக்கிறதா என்று பார்க்கிறார்கள். நியூயார்க் துறைமுகத்தின் சேற்றை நியூஜெர்சிக் கரைக்கு அப்பால் பல பத்தாண்டுகள் கொட்டிவந்தார்கள். அதில் டயாக்சின் என்ற கொடிய நஞ்சு இருப்பது பெரும் பூசலாகி, 1997 செப்டம்பரில் அந்த இடம் மூடப்பட்டது. இன்று அங்கே கொட்டப்படுவது சோதனையில் தேறிய தூய மண் மட்டுமே. அதுவும் பழைய நஞ்சை மேலே மூடுவதற்காக.

இந்தியா 1995இல் ஏற்ற ஐ.நா. கடல்சட்ட உடன்படிக்கையின் 210ஆம் பிரிவு, கடலில் கொட்டுவது குறித்த நாட்டுச் சட்டங்கள் உலக விதிகளைவிட வலுக் குறைந்தவையாக இருக்கக் கூடாது என்கிறது.

கேள்வி: இங்கே கிரேட் பேரியர் ரீஃப் பவளத்திட்டுப் பகுதியில் சேறு கொட்டத் தடை வந்துவிட்டது என்று மகிழ்ந்தோம். பிறகும் கொட்ட அனுமதி கொடுக்கிறார்களே, ஏன்?
– வாசகர், பிரிஸ்பேன்

ஆஸ்திரேலியாவின் அப்பட் பாயிண்ட் நிலக்கரித் துறைமுகத்தை விரிவாக்க அள்ளும் 30 லட்சம் கன மீட்டர் மண்ணைப் பவளத்திட்டுக் கடற்பூங்காவுக்குள் கொட்ட 2014 சனவரியில் அனுமதி கிடைத்தது. அறிவியலாளர்களும் மீனவர்களும் சுற்றுலாத் தொழிலில் இருப்பவர்களும் சேர்ந்து எழுப்பிய எதிர்ப்பில் அத்திட்டம் கைவிடப்பட்டு, 2015இல் தடை வந்தது. தடையின் சொற்களைக் கவனமாகப் படிக்க வேண்டும். புதிதாக ஆழப்படுத்தும்போது அள்ளும் மண்ணுக்கு மட்டுமே அது பொருந்தும். ஏற்கனவே தோண்டிய வழித்தடத்தில் மறுபடி சேரும் வண்டலை அள்ளுவது 'பராமரிப்பு'. அதற்குத் தடை இல்லை. 2019இல் ஹே பாயிண்ட் துறைமுகம் அனுமதி பெற்றது இந்த வழியில்தான்.

இந்தப் பிரிவினையில் ஓரளவு நியாயம் உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆண்டுதோறும் சேரும் வண்டல் அப்பகுதிக் கடலில் ஏற்கனவே சுற்றிவரும் வண்டல்தான் என்பது துறைமுகங்களின் வாதம். ஆனால் கடலடியில் இருக்கும் புல்லுக்கு, தன்மேல் விழுந்து வெளிச்சத்தை மறைப்பது புதுச் சேறா பராமரிப்புச் சேறா என்ற வேறுபாடு தெரியாது.

நம் ஊருக்கும் இது நேரடியாகப் பொருந்துவதால் சற்று நின்று சொல்கிறேன். இந்தியாவின் 2006ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில், புதிதாக ஆழப்படுத்தும் பணிக்கு முன்அனுமதி வேண்டும். பராமரிப்புத் தூர்வாரலோ, முதல் திட்டத்தில் இடம்பெற்று அப்போதே அனுமதி பெற்றிருந்தால் விலக்குப் பெறுகிறது. துறைமுகம் கட்டிய காலத்தில் அக்கம்பக்கத்தில் ஆலை இல்லாமல் இருந்திருக்கலாம். சாக்கடை கலக்காமல் இருந்திருக்கலாம். இருபது ஆண்டு கழித்து அதே இடத்தில் அள்ளும் சேறு அதே சேறாக இருக்கும் என்று எந்த அடிப்படையில் நம்புவது? பராமரிப்புச் சேற்றையும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிதாகச் சோதித்தே ஆக வேண்டும் என்று விதி வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: கொட்டாமல் பயன்படுத்த முடியும் என்கிறீர்கள். சேற்றை வைத்து என்ன செய்வது?
– கட்டடப் பொறியாளர், தூத்துக்குடி

அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் பாப்லர் தீவு என்று ஒன்று உண்டு. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆயிரம் ஏக்கருக்கு மேல் இருந்த அந்தத் தீவை அலை அரித்து அரித்து, 1990களில் ஏறக்குறைய 5 ஏக்கர்தான் மிச்சம். பால்டிமோர் துறைமுகத்துக்குச் செல்லும் வழித்தடங்களில் அள்ளிய மண்ணைக் கொண்டு 1998 முதல் அதை மீண்டும் கட்டி எழுப்புகிறார்கள். சுற்றிலும் கற்கரை எழுப்பி, உள்ளே சேற்றை நிரப்பி, நீர் வடிந்து இறுகியதும் சதுப்புப் புல் நடுகிறார்கள். ஆமைகள் அங்கே ஏறி முட்டையிடுகின்றன.

நம் கரையில் முதலில் பேச வேண்டியது மணல். கிழக்குக் கரையோரமாக ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. சென்னைத் துறைமுகத்தின் சுவர்கள் எழுந்த பிறகு தெற்கே மணல் ஒதுங்கி மெரினா அகன்றது. வடக்கே இராயபுரம் பக்கம் கடல் கரையைத் தின்றது. புதுச்சேரியிலும் துறைமுகம் வந்தபின் நகரத்தின் முன் இருந்த மணற்கரை மறைந்தது. துறைமுக வாயிலில் அள்ளும் மணல் சுத்தமானது என்றால், அதை வடக்கே அரிக்கும் கரையில் போடுவது அந்தக் கரைக்குச் சேர வேண்டியதைத் திருப்பிக் கொடுப்பதாகும். அதே மணலை நெடுந்தொலைவு கொண்டுபோய் ஆழ்கடலில் கொட்டினால், கரைக்கு அது என்றைக்கும் திரும்பாது. களிமண்ணைக் கடற்கரையில் போட முடியாது. முதல் அலையிலேயே கரைந்துவிடும். அதற்குச் சதுப்பும் அலையாத்திக் காடும் போன்ற அமைதியான இடங்கள் வேண்டும்.

இதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. வெறுமனே ஒழித்துக்கட்டுவதற்காக அல்லாமல் வேறு நோக்கத்துக்காகக் கடலில் வைப்பது 'கொட்டுதல்' ஆகாது என்று லண்டன் நெறிமுறையே சொல்கிறது. நெறிமுறையின் குறிக்கோளுக்கு மாறாக இருக்கக் கூடாது என்ற நிபந்தனை அதில் உண்டு என்றாலும், 'மறுபயன்பாடு' என்று பெயர் எழுதிவிட்டு ஒரு கழிமுகத்தையோ உப்பங்கழியையோ தூர்த்துவிட இது வாசலைத் திறந்துவிடக் கூடாது. சோதனையில் தேறாத மண்ணுக்கு மறுபயன்பாடும் கூடாது. அதைக் கரையில் தனியாக அடைத்து வைப்பதுதான் வழி; ராட்டர்டாம் துறைமுகம் தன் மாசடைந்த சேற்றுக்கென்றே 1980களில் ஸ்லஃப்டர் என்ற பெருங்குழியைக் கட்டியது.

கேள்வி: எங்கள் பகுதியில் துறைமுக விரிவாக்கத்துக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பு வரப்போகிறது. என்ன கேட்க வேண்டும்?
– கல்லூரி மாணவி, நாகப்பட்டினம்

கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்பே அறிவிப்பு வர வேண்டும். மதிப்பீட்டு அறிக்கையின் சுருக்கம் தமிழிலும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் பார்வைக்கு இருக்க வேண்டும். அதை வாங்கி, தூர்வாரும் அத்தியாயத்தை முதலில் படியுங்கள். எத்தனை இடங்களில், எவ்வளவு ஆழத்திலிருந்து மண் மாதிரி எடுத்தார்கள் என்று கேளுங்கள். மேற்பரப்பில் மட்டும் எடுத்த மாதிரி, பத்து மீட்டர் தோண்டும் திட்டத்துக்கு விடை சொல்லாது. கொட்டும் இடத்தின் ஆயத்தொலைவுகளைக் கேட்டு வாங்கி, உங்கள் ஊரில் படகோட்டும் பெரியவர்களிடம் காட்டுங்கள். எந்த மாதத்தில் அங்கே என்ன மீன் கூடும், பார் (கடலடிப் பாறைத்திட்டு) எங்கே தொடங்குகிறது, நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கும் என்று அவர்கள் சொல்வதை எழுதி, கூட்டத்தில் எழுத்துமூலமாகக் கொடுங்கள். அப்போதுதான் அது பதிவேட்டில் ஏறும்.

அனுமதி கிடைத்துவிட்டாலும் விட்டுவிடாதீர்கள். நிபந்தனைகளைக் கடைப்பிடித்த அறிக்கையை நிறுவனம் ஒவ்வோர் ஆண்டும் சூன் 1, டிசம்பர் 1 ஆகிய நாள்களில் சமர்ப்பிக்க வேண்டும். அது பொது ஆவணம். அதில் கொட்டிய அளவும் இடமும் கலங்கல் அளவீடும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு முதல் கடிதத்தை எழுதுங்கள்.